விலை குறைந்த குதிரைகளை வைத்து ஓர் இளம் பயிற்றுவிப்பாளர் பெரிய பந்தயங்களை வெல்வது எப்படி?

படுவான்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் குடும்பத்து இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "யாரும் விரும்பாத மலிவான குதிரைகளை வாங்கி, வயதில் இளைய பயிற்றுவிப்பாளர் ஒருவர் குறுகிய காலத்தில் பெரிய வெற்றிகளைப் பெற்றதாக வாசித்தேன். பணக்காரர்கள் மில்லியன் கணக்கில் கொடுத்து வாங்கும் குதிரைகளை இவை எப்படி முந்துகின்றன? இது அதிர்ஷ்டமா, திறமையா? மட்டக்களப்பிலிருந்து ஒருவர் இந்தத் தொழிலுக்குப் போக வழி உண்டா?"

தம்பி, வளைகுடா நாட்டு லாயங்களில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை நான் மிகவும் விரும்புகிறேன். குதிரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் பக்கத்தில் பெரும்பாலும் பந்தயச் சூதாட்டத்தில்தான் பேச்சு போய் நிற்கும். நீங்கள் விலங்கைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் விலையை விளங்கிக்கொள்ளுங்கள். ஏலத்துக்கு வரும் பந்தயக் குதிரைக் குட்டிக்கு வயது ஒன்று, ஒன்றரை இருக்கும். அதன் முதுகில் இன்னும் எவரும் ஏறியிருக்கமாட்டார்கள். தாய் தகப்பன் யார், உடற்கட்டு எப்படி என்பதைப் பார்த்துத்தான் விலை பேசப்படுகிறது. உச்ச விலைக்குப் போகும் குட்டிகளில் கொட்டப்படும் பணத்தின் பெரும்பகுதி ஓட்டத்துக்கானதே அல்ல. நாலு பெரிய பந்தயங்களை வென்றால் அது பின்னாளில் பொலிகுதிரையாக, அதாவது இனவிருத்திக்கான ஆண் குதிரையாக நிற்கும், பரிசுப் பணத்தைப் போலப் பல மடங்கு சம்பாதித்துத் தரும் என்ற நம்பிக்கைக்கே அந்தக் காசு போகிறது. உங்கள் பட்டியில் பொலிகாளைக்கு ஒரு விலையும் வண்டில் மாட்டுக்கு வேறு விலையும் சொல்வீர்கள் அல்லவா, அதே கணக்குத்தான். பந்தயத்தை வெல்வது மட்டுமே நோக்கமான இளம் பயிற்றுவிப்பாளருக்கு அந்த இரண்டாவது வியாபாரம் வேண்டியதில்லை. அதற்கான காசை அவர் கட்டவும் தேவையில்லை. மலிவான குதிரைகள் வெல்வதற்கு அடிப்படைக் காரணம் இது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு ஒரே குடும்பத்திலிருந்து சாட்சி சொல்லலாம். கனடாவில் 1961 மே 27 அன்று நோர்தேர்ன் டான்சர் என்ற குட்டி பிறந்தது. உரிமையாளர் அதற்கு 25,000 டொலர் விலை வைத்தார். ஆள் குள்ளம் என்று ஒருவரும் வாங்கவில்லை. அது 1964 இல் அமெரிக்காவின் பெரிய பந்தயமான கென்டக்கி டேர்பியை வென்றது. பிறகு இருபதாம் நூற்றாண்டின் மிகச் செல்வாக்கான பொலிகுதிரைகளில் ஒன்றாக மாறியது. அதன் பிள்ளைகளில் ஒன்று ஸ்னாஃபி டான்சர். 1983 ஏலத்தில் 10.2 மில்லியன் டொலருக்குப் போனது. ஒரு பந்தயத்தில்கூட அது ஓடவில்லை, பொலிக்கும் உதவவில்லை. 2006 இல் த கிரீன் மங்கி என்ற இரண்டு வயதுக் குதிரை 16 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. மூன்று தடவை ஓடியது, ஒன்றிலும் வெல்லவில்லை. அதன் மொத்தப் பரிசுப் பணம் 10,440 டொலர். தகப்பனை 25,000 டொலருக்கு வேண்டாம் என்ற அதே சந்தைதான் மகனுக்கு 10 மில்லியன் கொடுத்தது.

நோர்தேர்ன் டான்சரின் பிறந்த தேதியைக் கவனியுங்கள். வடக்கு அரைக்கோளத்தில் தரோபிரெட் எனப்படும் பந்தயக் குதிரை இனத்துக்கு முழுவதும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும். அவுஸ்திரேலியா, நியூசிலாந்தில் அது ஓகஸ்ட் 1. ஜனவரியில் பிறந்ததும் மே கடைசியில் பிறந்ததும் ஒரே வயதுக் குட்டிகளாக ஏலத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பிந்திப் பிறந்தது சிறியதாகவும் மெலிந்ததாகவும் தெரியும், விலை இறங்கும். நான்கு ஐந்து மாதப் பொறுமை உள்ளவனுக்கு அது கண்முன்னே கிடக்கும் இலாபம்.

பெயர் பெற்ற மலிவுக் குதிரைகளைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும். நியூசிலாந்தில் 160 கினிக்கு (கினி என்பது பழைய பிரித்தானியப் பண அளவு) வாங்கப்பட்ட ஃபார் லாப், ஒருவயதில் 1,100 டொலருக்கு விற்கப்பட்ட ஜோன் ஹென்றி, டாக்சி சாரதி ஒருவர் 1,250 அவுஸ்திரேலிய டொலருக்கு வாங்கிய டேக்ஓவர் டார்கெட், இங்கிலாந்தின் ரெட் ரம் ஆகிய நான்கும் காயடிக்கப்பட்டவை. பொலிக்குப் போக முடியாத குதிரையைப் பணக்கார உரிமையாளர் மூன்று நான்கு வயதில் பந்தயத்திலிருந்து எடுத்துக்கொண்டு போகமாட்டார். அது ஆண்டாண்டாக ஓடலாம். எலும்பும் அறிவும் முற்றும்வரை ஓடலாம். ஜோன் ஹென்றி 83 தடவை ஓடி 39 தடவை வென்றது, பரிசாக ஆறரை மில்லியன் டொலருக்குமேல் ஈட்டியது. 1984 இல், ஒன்பது வயதில், அமெரிக்காவின் ஆண்டுச் சிறந்த குதிரையாகத் தெரிவானது. அவசரமாகப் பலன் கேட்காத கை கிடைத்ததால்தான் இப்படி ஓட முடிந்தது.

இளம் பயிற்றுவிப்பாளர் தம் கண்ணால் சம்பாதிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. குதிரை ஏன் மலிவு என்று கண்டுபிடிக்க வேண்டும். சில குறைகள் ஏலக்காரரின் கண்ணை மட்டும் உறுத்தும், சில குறைகள் ஓட்டத்தையே அழித்துவிடும். ஜோன் ஹென்றியின் முழங்கால் பின்னோக்கி வளைந்திருந்தது. 17,500 டொலருக்கு வாங்கப்பட்ட சியாட்டில் ஸ்லூவின் வலது முன்னங்கால் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அது ஒரு தோல்வியும் இல்லாமல் 1977 இல் அமெரிக்காவின் மும்முடியை, அதாவது மூன்று பெரிய பந்தயங்களையும், வென்றது. அதன் உரிமையாளர்களில் ஒருவர் கால்நடை வைத்தியர் என்பதை மறக்காதீர்கள். அந்தக் காலின் கோணல் ஓட்டத்தைத் தடுக்காது என்று சொல்ல அறிவுள்ள ஒருவர் வாங்குபவர் பக்கத்தில் இருந்தார். ஆனால் முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் கிழிந்து ஆறிய குதிரை வேறு கதை. அதே இடம் மறுபடியும் கிழியும் ஆபத்து மிக அதிகம். மூச்சை உள்ளே இழுக்கும்போது இரைச்சல் வரும் குதிரையும் அப்படித்தான். குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது, மூக்கும் தொண்டையும் அடைத்தால் ஓட்டம் முடிந்தது. இரைப்பைப் புண், பயம், தீனியில் விருப்பமின்மை போன்றவையோ திருத்தக்கூடியவை. பயிற்சியிலுள்ள பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருக்கிறது. நாள் முழுக்க மேயப் பிறந்த விலங்கைப் பெட்டிக்குள் அடைத்து இரண்டு வேளை தானியம் கொடுத்தால் வேறென்ன வரும்? புல்லும் மருந்தும் வெளியில் நிற்க இடமும் கொடுத்தால், "சோம்பேறி" என்று கைவிடப்பட்ட குதிரை வேறு ஆளாக மாறும். இதை நான் என் கையால் வளர்த்த குதிரைகளில் கண்டிருக்கிறேன்.

நீங்கள் வாசித்த இளைஞரைப் போன்றவர்களுக்கெல்லாம் முன்னோடி என்று நான் மதிப்பவர் நியூயோர்க்கில் 1904 இல் பிறந்த ஹேர்ஷ் ஜேக்கப்ஸ். குதிரை வைத்திருந்த குடும்பமல்ல. இளவயதில் அவர் ஓட்டப் புறாக்கள் வளர்த்தவர். 1933 இல், 29 வயதில், அமெரிக்காவில் அந்த ஆண்டு அதிகப் பந்தயங்களை வென்ற பயிற்றுவிப்பாளரானார். 1944 வரையிலான 12 ஆண்டுகளில் 11 ஆண்டுகள் அந்த முதலிடம் அவருடையது. அவர் கையில் இருந்தவை பெரும்பாலும் விலை குறித்த பந்தயங்களிலிருந்து எடுத்த குதிரைகள்.

விலை குறித்த பந்தயம் என்றால் என்னவென்று விளங்காவிட்டால் இந்தத் தொழிலின் ஏணி விளங்காது. அதில் ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் முன்கூட்டியே ஒரு விலை அறிவிக்கப்படும். தகுதியுள்ள எவரும் பந்தயம் தொடங்குமுன் அந்தப் பணத்தைக் கட்டிக் கோரலாம். வாசல் திறந்த பிறகு குதிரை வென்றாலும் நொண்டினாலும் அது புதியவருடையது. அந்த ஓட்டத்தின் பரிசு மட்டும் பழைய உரிமையாளருக்கு. நல்ல குதிரையைத் தாழ்ந்த பந்தயத்தில் ஓடவிட்டு இலேசாகப் பரிசு தட்டிக்கொள்ள நினைப்பவர் குதிரையையே இழந்துவிடுவார். அதனால் போட்டி ஓரளவு சமமாகிறது. இளையவருக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஏலக் குட்டியைப் போலன்றி இந்தக் குதிரை ஓடுவதைப் பலமுறை பார்த்துவிட்டு வாங்கலாம்.

ஜேக்கப்ஸ் 1943 இல் ஸ்டைமி என்ற குதிரையை 1,500 டொலருக்கு இப்படி எடுத்தார். அது தன் வாழ்நாளில் 131 பந்தயங்கள் ஓடி 35 வென்று, 9 லட்சம் டொலருக்கு மேல் ஈட்டியது. 131 ஓட்டத்தைத் தாங்கிய கால்கள்! இதில்தான் அவருடைய திறமையைக் காண்கிறேன். வேகத்தை அவர் உண்டாக்கவில்லை. இருந்த வேகம் வலியால் அடைபட்டுக் கிடந்தது. வலியைத் தேடிக் கண்டுபிடித்து, ஓய்வு கொடுத்து, பிறகு அடிக்கடி ஓடவிட்டார். புறாவைக் கையில் ஏந்தி இறகையும் எடையையும் கண்ணையும் பார்த்துப் பழகிய பையன் குதிரையின் காலைத் தடவிப் பார்க்கத் தெரிந்தவனாக வளர்ந்தான் என்றே நினைக்கிறேன். இந்த வழி இன்றும் மூடப்படவில்லை. 30,000 டொலருக்கு இவ்வாறு எடுக்கப்பட்ட ரிச் ஸ்ட்ரைக், வேறொரு குதிரை விலகியதால் கடைசி நேரத்தில் இடம் கிடைத்து, 2022 கென்டக்கி டேர்பியை வென்றது. அதன்மேல் எழுதப்பட்டிருந்த பந்தய விகிதம் 80க்கு 1, அதாவது அது வெல்லும் என்று ஏறக்குறைய ஒருவரும் நம்பவில்லை.

கடற்கரையில் வாழும் நமக்கு மிகவும் நெருக்கமானது ரெட் ரம்மின் கதை. லிவர்பூலுக்கு வடக்கே சவுத்போர்ட்டில் ஜிஞ்சர் மக்கெயின் என்பவர் பழைய கார் விற்றும் டாக்சி ஓட்டியும் பிழைத்தார். அவருடைய லாயம் கார்க் கடைக்குப் பின்னால் இருந்தது. பயிற்சிக்குப் புல்வெளி இல்லை, கடற்கரைதான். 1972 இல் 6,000 கினிக்கு ரெட் ரம்மை வாங்கிக் கடற்கரைக்குக் கொண்டுபோனபோது அது நொண்டியது. குளம்புக்குள் இருக்கும் எலும்பில் அழற்சி, குதிரைகளுக்கு ஆறாத நோய் என்று பலர் கைவிடும் நோய். அவர் குதிரையைக் கடல் நீருக்குள் நடக்க விட்டார். வெளியே வந்தபோது நொண்டல் இல்லை. அன்றிலிருந்து ஈர மணலும் உப்பு நீரும்தான் பயிற்சி. இங்கிலாந்தின் மிகக் கடுமையான தடைதாண்டல் பந்தயமான கிராண்ட் நேஷனலை அந்தக் குதிரை 1973, 1974, 1977 ஆகிய ஆண்டுகளில் வென்றது. இடையில் 1975 இலும் 1976 இலும் இரண்டாமிடம். அந்தப் பந்தயத்தை மூன்றுமுறை வென்ற குதிரை வேறெதுவும் இல்லை.

இதை வாசித்துவிட்டுக் கல்லடிக் கடற்கரையில் எந்த விலங்கையும் ஓட்டினால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். கால் புதையும் உலர்ந்த மணல் தசைநாணைச் சோதிக்கும். அலை வந்து போன இடத்தில் இறுகிக் கிடக்கும் ஈர மணல்தான் குளம்புக்கு இதம். மக்கெயின் அந்தக் கரையின் ஏற்றவற்றத்தை அறிந்தவர். நம்முடைய கரையில் மார்கழி, தை மாதங்களில் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ரெட் ரம்மின் 1973 வெற்றியில் இன்னொரு பாடமும் உள்ளது. அன்று கிரிஸ்ப் என்ற குதிரை ஏறத்தாழ முழுத் தூரமும் முன்னால் ஓடியது. கடைசி அடிகளில் ரெட் ரம் அதை முக்கால் குதிரை நீளத்தால் முந்தியது. கிரிஸ்ப் சுமந்தது 76 கிலோ, ரெட் ரம் சுமந்தது 66 கிலோ அளவு. சிறந்த குதிரைக்குக் கூடிய பாரமும் குறைந்த குதிரைக்குக் குறைந்த பாரமும் ஏற்றி ஓடவிடும் பந்தயங்கள் உலகெங்கும் உண்டு. எந்தப் பந்தயத்தில், எந்தத் தூரத்தில், எந்தப் பாரத்தில், எப்படிப்பட்ட தரையில் தன் குதிரையை நிறுத்துவது என்று தெரிவுசெய்வதில் காசுக்கு வேலை இல்லை. பெரிய லாயத்துக்காரரிடம் நூறு குதிரைகள் இருக்கும், ஒவ்வொன்றின் மனமும் அவருக்குத் தெரியாது. பத்துக் குதிரை வைத்திருக்கும் இளைஞருக்கு அவற்றின் இருமல்கூடத் தெரியும். குறுகிய தூரத்தில் தோற்றுக்கொண்டிருந்த குதிரையை நீண்ட தூரத்துக்கு மாற்றியதும் அது வெல்லத் தொடங்குவது இப்படித்தான்.

கைமுதல் இல்லாதவர் குதிரையை எப்படி வைத்திருப்பது என்றும் கேட்பீர்கள். ஃபார் லாப்பை ஏலப் பட்டியலில் வம்சத்தைப் பார்த்துத் தெரிவுசெய்தவர் ஹரி டெல்ஃபோர்ட், கையில் காசில்லாத பயிற்றுவிப்பாளர். பணம் போட்டு அதை வாங்கிய டேவிஸ் என்பவர் குதிரையின் தோற்றத்தைக் கண்டு வெறுத்து, பயிற்சிச் செலவு தரமாட்டேன் என்றார். டெல்ஃபோர்ட் மூன்று ஆண்டுக்குக் குத்தகை எடுத்தார். செலவு அவருடையது, பரிசில் மூன்றில் ஒன்று டேவிஸுக்கு. முதல் நான்கு ஓட்டத்திலும் ஒன்றும் கிடைக்கவில்லை. 1930 இல் அந்தக் குதிரை அவுஸ்திரேலியாவின் பெரிய பந்தயமான மெல்பேர்ண் கிண்ணத்தை வென்றது. மொத்தம் 51 ஓட்டங்களில் 37 வெற்றி. நம்மூரில் வயலையும் மாட்டையும் குத்தகைக்கும் வாரத்துக்கும் எடுப்பவர்களுக்கு இந்த ஒப்பந்தம் புதிதாகத் தோன்றாது.

அதிர்ஷ்டமா, திறமையா என்ற கேள்வி நீதிமன்றம்வரை போயிருக்கிறது. சென்னைக் குதிரைப் பந்தயக் கழகம் தொடர்பான வழக்கில் 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பிரதானமாகத் திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. குதிரையின் தகுதி, பயிற்சி, ஜொக்கியின் (பந்தயத்தில் குதிரை ஓட்டுபவரின்) ஆற்றல், பாரம், தூரம் ஆகியவை கணக்கில் எடுக்கப்பட்டன. நான் அதை ஏற்கிறேன். ஆனாலும் மலிவுக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை மலிவாகவே ஓடி முடிகின்றன. நாம் பெயர் சொல்பவை தப்பி வந்தவை. ஆயிரம் டொலர்க் குதிரையும் மில்லியன் டொலர்க் குதிரையும் ஒரே அளவு தின்னும். ஒரே லாடம், ஒரே வைத்தியர் கட்டணம். ஆகவே மலிவாக வாங்கி நீண்டகாலம் தோற்பது மிக விலையுயர்ந்த வழி. வெற்றி பெறும் இளைஞர்கள் வாங்குவதில் மட்டுமல்ல, உதவாத குதிரையை நேரத்தோடு விட்டுவிடுவதிலும் கெட்டிக்காரர்கள். விட்டுவிடும் குதிரைக்குச் சவாரிப் பள்ளியிலோ பண்ணையிலோ இடம் தேடிக் கொடுப்பதும் அவர்கள் கடமை என்பேன். புக்கி கடையில் காசு கட்டுவதற்கும் இந்த அறிவுக்கும் எந்த உறவும் இல்லை. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இனி உங்கள் விஷயம். பட்டியில் வளர்ந்தவருக்கு இத்தொழிலில் பாதி தெரியும். நூறு மாட்டில் ஒன்று தலையைத் தொங்கப்போட்டு நின்றால் உங்கள் கண் அங்கேதான் போகும். அந்தக் கண்ணை விலைக்கு வாங்க முடியாது. குதிரையில் அதை இப்படிப் பழக்குங்கள். நேராக நடத்திவரச் சொல்லி முன்னால் நின்று பாருங்கள். முன்னங்காலில் நோவு இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். தினமும் காலையில் பயிற்சிக்கு முன் நான்கு கால்களையும் கையால் தடவி, சூடு இருக்கிறதா என்று பாருங்கள். உடல் வெப்பம் 38.5 பாகை செல்சியசைத் தாண்டினால் அன்று ஓட்டம் இல்லை. இராத்தீனியில் மிச்சம் இருந்தால் அதுவும் ஒரு செய்தி.

ஆனால் மாட்டறிவு உங்களை ஏமாற்றும் இடங்களும் உண்டு. மாடு அசைபோடும், குதிரைக்கு ஒற்றை இரைப்பை. வாந்தி எடுக்கவும் முடியாது. பூஞ்சணம் பிடித்த வைக்கோலோ திடீரென்று மாற்றிய தீனியோ வயிற்றுவலியைக் கொண்டுவந்து ஒரே இரவில் கொன்றுவிடும். வெறும் நெல் வைக்கோலில் பந்தயக் குதிரையை நிறுத்த முடியாது. நல்ல புல் வேண்டும். மாட்டுத் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கலாம். மாட்டுக்கு நன்மை செய்யும் அதே மருந்து மிகச் சிறிய அளவில் குதிரையின் இதயத்தை அழித்துவிடும். இதைத் தெரியாமல் எவரும் குதிரைக்குத் தீனி வைக்கக்கூடாது. நம் மாவட்டத்தின் ஈரப்பதமான வெக்கையும் கவனிக்க வேண்டியது. இப்படியான காலநிலையில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வியர்க்காத குதிரை உள்ளே வெந்துபோகும். வேலையை விடியுமுன் முடித்து, தண்ணீர் ஊற்றி, காற்றோட்டத்தில் நிறுத்த வேண்டும்.

வழி இருக்கிறதா என்றால், நேரான வழி ஒன்று நம் வாசலிலேயே தொடங்குகிறது. செங்கலடியில் ஆரம்பிக்கும் ஏ5 வீதி மகாஓயா, பிபிலை, பதுளை வழியாக நுவரெலியாவுக்குப் போகிறது. அங்கே 1875 முதல் குதிரைப் பந்தயம் நடந்து வந்திருக்கிறது. 1950களில் நாட்டில் பந்தயம் நிறுத்தப்பட்டு, 1981 இல் நுவரெலியாவில் மீண்டும் தொடங்கியது. கொழும்பில் 1893 இல் திறக்கப்பட்ட பந்தயத் திடல் இப்போது வேறு விளையாட்டுகளுக்குப் பயன்படுகிறது. இலங்கையில் ஓடும் குதிரைகளில் பல இந்தியாவிலிருந்து வருபவை, அங்கே முதல் தரத்தில் நிலைக்காதவையும் அவற்றில் உண்டு. அதாவது நம் நாட்டுப் பந்தயமே நீங்கள் கேட்ட வகைக் குதிரைகளின் உலகம். ஏப்ரல் பருவத்துக்குச் சில வாரம் முன்பாகப் போங்கள். பந்தய நாளன்று கூட்டத்தில் நின்று ஒன்றும் கற்க முடியாது. லாயத்தில் சாணம் அள்ள, தண்ணீர் வைக்க, பயிற்சி முடிந்த குதிரையை ஆற நடத்த ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். பெரிய பயிற்றுவிப்பாளர்களில் பலர் இந்த வேலையிலிருந்து வந்தவர்கள்தாம்.

உயர்தரத்தில் உயிரியல் படிப்பவராக இருந்தால் பேராதனையில் கால்நடை மருத்துவ பீடம் இருக்கிறது, நாட்டில் அது ஒன்றுதான். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்திலும் கால்நடை விஞ்ஞானம் படிக்கலாம். வளைகுடாவுக்குப் போக நினைத்தால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் எந்த முகவருக்கும் காசு கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் "லாயப் பராமரிப்பாளர்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வேலைக்கோ ஒட்டகப் பண்ணைக்கோ மாற்றப்பட்டவர்களை எனக்குத் தெரியும். உங்கள் உடல் எடை கூடியிருந்தாலும் கவலை வேண்டாம், எடைக் கட்டுப்பாடு ஜொக்கிக்குத்தான்.